தனிவழித் தெய்வங்கள்

வழிபாடு என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது கூட்டம். கொடியேற்றம், தேர், தீர்த்தம், மடை, பொங்கல், குளிர்த்தி என நாமறிந்த சடங்குகள் யாவும் பலர் கூடிச் செய்பவை. வீட்டுச் சாமியறையிலே தனியே கைகூப்பி நிற்பவரும் ஊரார் வணங்கும் தெய்வத்தையே வணங்குகின்றார். கடந்த எழுபதாண்டுக் காலத்தில் இங்கிலாந்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வளர்ந்துள்ள ஒரு நெறி இதற்கு நேர்மாறான போக்கினை உடையது. அடுக்குமாடிக் கட்டிடமொன்றின் சிறிய அறையிலே, புத்தகத் தட்டொன்றின் மேல் ஒரு மெழுகுவர்த்தி, ஒரு கிண்ணம் நீர், சிறிது உப்பு, ஒரு கல் ஆகியவற்றை வைத்தால் அதுவே ஆலயம். வழிபடுபவர் ஒருவர், பூசாரியும் அவரே. எந்தத் தெய்வத்தை எப்பெயரிட்டு அழைப்பது என்பதையும் அவரே தீர்மானித்துக்கொள்கிறார். வளர்பிறை, தேய்பிறை, பருவ மாற்றம் ஆகியவையே அவரது பஞ்சாங்கம்.

இந்நெறியைப் 'பேகன்' நெறி என்கின்றனர். மயிலுக்குப் போர்வை அளித்த நம் பேகனுக்கும் இச்சொல்லுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. நாட்டுப்புறத்தான் என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழிவந்தது இது. கிறித்தவம் நகரங்களில் வேரூன்றிய காலத்தில், பழைய தெய்வங்களை விடாதோரை இழித்துரைக்க இச்சொல் பயன்பட்டது. இன்று அதே இழிபெயரைத் தாமே விரும்பிச் சூட்டிக்கொள்வோர் பல்லாயிரவர். இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 74,000 பேர் தம்மைப் பேகன்கள் என்றும், ஏறத்தாழ 13,000 பேர் அதன் முக்கிய கிளையாகிய 'விக்கா'வைச் சார்ந்தோர் என்றும் பதிந்துள்ளனர்.

இதனை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லால் தள்ளிவிடுவது முற்போக்காளராகிய நமக்கு எளிது. ஆயின், ஒரு நம்பிக்கை பொய்யென்று காட்டுவது விமரிசனத்தின் பாதி வேலையே. அப்பொய் இத்தனை மனிதருக்கு ஏன் தேவைப்படுகிறது என்று காட்டுவது மறுபாதி. மார்க்ஸ் 1844இல் சமயத்தைப் பற்றி எழுதியதில் 'அபின்' என்ற சொல்லை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். சமயத் துயரம் உண்மையான துயரத்தின் வெளிப்பாடு என்றும், அத்துயரத்துக்கு எதிரான முறையீடு என்றும் அதே இடத்தில் அவர் கூறியதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். இந்த மறுபாதியை மனத்திற் கொண்டு, தனிவழிப் பேகன் நெறியை உருவாக்கிய நூல்கள் சிலவற்றை இங்கு நோக்குவோம்.

*

இந்நெறியின் மூலவராகக் கருதப்படும் ஜெரல்ட் கார்ட்னர், மரவாணிபத்தாற் செல்வம் சேர்த்த ஆங்கிலக் குடும்பமொன்றில் 1884இல் பிறந்தவர். அவருடைய வாழ்க்கை நம் நாட்டைத் தொட்டுச் செல்கிறது. 1900ஆம் ஆண்டில் இலங்கை வந்த அவர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலே தோட்டத்துரைக்குரிய தொழிலைப் பயின்றார். கொழும்பிலேயே பிறீமேசன் சங்கத்திற் சேர்ந்தார். பின்னர் போர்னியோவிலும் மலாயாவிலும் தோட்டத் தொழிலில் ஈடுபட்டு, இறுதியாக மலாயாவின் சுங்கப் பகுதியிற் கடமையாற்றி, 1936இல் இளைப்பாறி இங்கிலாந்து திரும்பினார். ஏகாதிபத்தியத்தின் சாதாரண உத்தியோகத்தர் ஒருவரின் வரலாறே இது. அதற்குப் பின் அவர் செய்ததுதான் அசாதாரணமானது.

மாயவித்தை புரிவதாகப் பாசாங்கு செய்வோரைத் தண்டிக்கும் 1735ஆம் ஆண்டுச் சட்டம் 1951இலேதான் பிரித்தானியாவில் நீக்கப்பட்டது. மூன்றாண்டுகளின் பின், 1954இல், கார்ட்னர் 'இன்றைய சூனியம்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். கிறித்தவத்துக்கு முற்பட்ட ஐரோப்பியரின் தொல்சமயம் சூனியக்காரிகள் என்று பழிக்கப்பட்ட பெண்களால் இரகசியமாகக் காக்கப்பட்டு வந்தது என்றும், தென்னிங்கிலாந்தின் காட்டுப்புறமொன்றில் அதனைக் கைக்கொள்ளும் குழுவினரைத் தாம் கண்டு அவர்களோடு சேர்ந்ததாகவும் அவர் கூறினார். இக்கருத்தை 1921இலேயே மார்கிறட் மறே என்னும் அறிஞர் தமது ஆராய்ச்சி நூலில் முன்வைத்திருந்தார். கார்ட்னரின் நூலுக்கு முன்னுரை வழங்கியவரும் அவரே.

இத்தொன்மைக் கதை வரலாற்றின் முன் நிற்கவில்லை. 1999இல் வெளிவந்த ரொனால்ட் ஹட்டனின் ஆய்வு, விக்காவின் சடங்குகள் பிறீமேசன் சங்கங்களிலிருந்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் மந்திரவாதக் குழுக்களிலிருந்தும், நாட்டாரியல் நூல்களிலிருந்தும், ஆங்கிலக் கற்பனாவாதக் கவிஞரின் இயற்கை வழிபாட்டிலிருந்தும் எடுத்துத் தைக்கப்பட்டவை என்று தெளிவுபடுத்தியது. தொன்றுதொட்டு வருவதாகக் கூறப்பட்ட எட்டுப் பருவ விழாக்களின் சுழற்சியும் 1950களிலேதான் இன்றைய வடிவில் ஒன்றுசேர்க்கப்பட்டது. சூனியக்காரிகளெனக் கொல்லப்பட்டோர் 90 இலட்சம் என்ற கூற்றும் அவ்வாறே. பதினெட்டாம் நூற்றாண்டு ஜேர்மானியர் ஒருவரின் பிழையான பெருக்கற் கணக்கிலிருந்து பிறந்த எண் அது. இன்றைய வரலாற்றாசிரியர்கள் ஏறத்தாழ 40,000 முதல் 60,000 வரை என்று மதிப்பிடுகின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். உண்மையான எண்ணிக்கையே போதிய அளவு கொடியதாகையால் அதனை மிகைப்படுத்த வேண்டிய அவசியம் எவர்க்கும் இல்லை.

ஆகவே பழமை பொய். ஆனால் அப்பழமையை நாடிய ஏக்கம் பொய்யன்று. 1851ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இங்கிலாந்து, வேல்ஸ் மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகளாயினர். பொதுநிலங்கள் வேலியிடப்பட்டு உழவர் வெளியேற்றப்பட்ட நாடு அது. நிலத்தை இழந்த சமுதாயமே நிலத்தின் தெய்வங்களைக் கனவு காண்கிறது. அக்கனவின் மெய்யான பொருளைக் காண்பதற்குக் கார்ட்னரைவிடச் சிறந்த வழிகாட்டி ஒருவர் இருக்கிறார். அவர் விக்காவைச் சேர்ந்தவரல்லர், நாவலாசிரியை.

*

சில்வியா ரவுன்சென்ட் வோர்னரின் முதல் நாவலாகிய 'லொலி வில்லோஸ்' 1926இல் வெளிவந்தது. கார்ட்னரின் நூலுக்கு 28 ஆண்டுகள் முந்தியது இது. இதன் நாயகியான லோறா மணமாகாதவள். தந்தை இறந்ததும் 28ஆம் வயதில் அவள் இலண்டனிலுள்ள தமையன் வீட்டுக்கு மாற்றப்படுகிறாள். ஒரு தளபாடத்தை இடம்மாற்றுவது போலவே அது நடைபெறுகிறது. அவளுடைய விருப்பத்தை எவரும் கேட்டதில்லை. அங்கே பிள்ளைகள் அவளை 'லொலி' அத்தை என்றழைக்க, வீட்டார் அனைவரும் அப்பெயரையே வழங்கத் தொடங்குகின்றனர். அவளுடைய சொந்தப் பெயர் மறைந்துபோகிறது. தைப்பதும், பிள்ளைகளை உலாவ அழைத்துச் செல்வதும், அண்ணியின் அலமாரிகளை ஒழுங்குசெய்வதுமாக ஏறத்தாழ இருபதாண்டுகள் கழிகின்றன. எவரும் அவளைத் துன்புறுத்தவில்லை. அவளுடைய நாள்களை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டார்கள் என்பதே முறைப்பாடு.

47ஆம் வயதில், இலண்டன் கடையொன்றிற் பூ வாங்கச் சென்றவள், அப்பூக்களோடு சேர்த்துக் கட்டிய மரக்கிளைகளின் இலைகளைக் காண்கிறாள். அவை வந்த மலைச்சரிவுக் கிராமத்துக்கே போய்த் தனித்து வாழ்வதென்று முடிவு செய்கிறாள். தன் பணத்தைக் கேட்கும்போதுதான், சட்டத்தரணியான தமையன் அதனை எதியோப்பியாவை 'அபிவிருத்தி' செய்யும் கம்பனியொன்றின் பங்குகளில் இட்டுப் பெரும்பகுதியை இழந்துவிட்டான் என்று தெரிகிறது. குடும்பத்தின் ஆதிக்கமும் ஏகாதிபத்திய மூலதனமும் ஒரே மேசையில் சந்திக்கும் இக்காட்சியை வோர்னர் எவ்வித ஆர்ப்பாட்டமுமின்றிக் காட்டுகிறார். எஞ்சிய சிறுதொகையோடு கிராமம் சென்ற லோறாவை அங்கும் குடும்பம் விடுவதில்லை. மருமகன் தைற்றஸ் அங்கேயே குடியேற வருகிறான். மீண்டும் 'லொலி' அத்தையாகும் அச்சத்தில், வயல்வெளியில் நின்று அவள் உதவி கேட்டு அரற்றுகிறாள். உதவி சாத்தானிடமிருந்து வருகிறது. லோறா சூனியக்காரியாகிறாள்.

இதிற் கவனிக்க வேண்டியது ஒன்று. லோறா மந்திர சக்தியைப் பெற்றுச் சாதிப்பது எதுவுமில்லை எனலாம். மருமகனின் பால் திரிகிறது. குளவிகள் அவனைக் கொட்டுகின்றன. அவனும் ஒரு பெண்ணை மணக்க இசைந்து ஊரைவிட்டுப் போகிறான். அவ்வளவே. ஊர்ச் சூனியக்காரர் நள்ளிரவிற் கூடியாடும் விழாவும் அவளுக்குச் சலிப்பையே தருகிறது. பிறர் பங்கிட்டுக் கொடுக்கும் சீவியத்தை விடுத்துத் தனக்கெனவொரு வாழ்க்கையைக் கைக்கொள்ளவே பெண்கள் சூனியத்தை நாடுகின்றனர் என்பதே நாவலின் இறுதியில் அவள் சாத்தானுக்கு அளிக்கும் விளக்கம். பெண்ணுக்கெனத் தனியறை வேண்டுமென்ற வெர்ஜீனியா வூல்ஃபின் புகழ்பெற்ற நூல் வெளிவந்தது இதற்கு மூன்றாண்டுகளின் பின், 1929இல்.

பேகன் நெறியைப் பற்றி எழுந்த நூல்களுள் எதுவும் அதன் உட்பொருளை இவ்வளவு தெளிவாகக் கூறவில்லை என்பது நம் கருத்து. தெய்வம் இருக்கிறதா என்பதன்று வினா. ஒருவரின் ஒரு நாள் யாருக்குச் சொந்தம் என்பதே வினா. எனினும் இந்நாவலின் முடிவிலும் லோறா முற்றாக விடுதலை பெறுவதில்லை. குடும்பத்திடமிருந்து தப்பியவள் சாத்தானுக்கு உரியவளாகிறாள்; தன் காரியங்களில் தலையிடாத எசமான் அவன் என்பதே அவளுக்கு ஆறுதல். வோர்னரும் இவ்விடத்தில் நின்றுவிடவில்லை. 1935இல் அவர் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்தார். உள்நாட்டுப் போரின்போது ஸ்பானியக் குடியரசின் பக்கம் நின்று அந்நாட்டுக்குச் சென்றார். 1936இல் அவர் வெளியிட்ட மற்றொரு நாவலில், வசதி படைத்த ஆங்கிலப் பெண்ணொருத்தி 1848ஆம் ஆண்டின் பாரிஸ் புரட்சிக்குள் இழுக்கப்படுகிறாள். தனக்குரியவரை இழந்த துயரோடு, கம்யூனிஸ்ட் அறிக்கையைக் கையிலெடுத்துப் படிக்கத் தொடங்குவதோடு அக்கதை முடிகிறது. தனியே வெளியேறிய லோறாவுக்கும் அறிக்கையைப் படிக்க அமர்ந்த அப்பெண்ணுக்கும் இடையேயுள்ள தூரம் பத்தாண்டு.

*

வோர்னரின் லோறா ஒரு கற்பனைப் பாத்திரம். அவளைப் போன்ற இலட்சக்கணக்கான மெய்யான மனிதர்க்கு வழிகாட்ட முன்வந்த நூலே ஸ்கொட் கனிங்ஹாம் 1988இல் அமெரிக்காவில் வெளியிட்ட, தனித்து விக்கா பயில்வோருக்கான கைந்நூல். கார்ட்னரின் முறையிற் குழுவே அடிப்படை. ஏற்கெனவே தீட்சை பெற்ற ஒருவரே மற்றொருவருக்குத் தீட்சை வழங்கலாம். தன்னைத்தானே அர்ப்பணித்துக்கொள்ளும் சடங்குகளை றேமண்ட் பக்லண்ட், டொறீன் வலியன்ரே போன்றோர் 1970களில் அச்சேற்றிவிட்டனர். கனிங்ஹாம் அதனைப் பொதுச்சொத்தாக்கினார். தீட்சை இரகசியமில்லை, குரு வேண்டியதில்லை, கருவிகளுக்கெனத் தனிச் சக்தியில்லை, சரியான ஒரே முறை என்று ஒன்றில்லை. எளிய நடையில் அமைந்த இந்நூல் இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. அமெரிக்கப் பேகன்களிடையே ஹெலன் பேர்கர் நடத்திய ஆய்வுகளில், தனித்துப் பயில்வோர் 1990களில் ஏறத்தாழப் பாதிப்பேராயிருந்து, பின்னைய ஆய்வில் ஐந்தில் நான்கு பங்கினர் ஆகிவிட்டனர்.

இந்நூலின் முற்போக்கான கூறுகளை மறைத்தல் நேர்மையாகாது. பூசாரி வர்க்கத்தின் இடைத்தரகை அது ஒழிக்கிறது. தெய்வத்தைப் பெண்ணாகவும் ஆணாகவும் வைத்து, பெண்ணுடலைத் தீட்டென்று விலக்கும் மரபை மறுக்கிறது. ஒருபாலுறவினர் முதலாக, மரபான ஆலயங்கள் வெளியே நிறுத்திய பலருக்கும் இந்நெறி இடமளித்திருக்கிறது. விலக்கப்பட்டோர் தமக்கென ஓர் ஆலயத்தைத் தட்டின் மேல் அமைத்துக்கொள்வதை நகைப்பதற்கு நமக்கு உரிமையில்லை.

அன்றாட வாழ்விலும் இந்நெறிக்கு ஒரு பொருள் உண்டு. மணிக்கூட்டின் ஆட்சி தொழிற்சாலையோடு வந்தது என்பதை ஈ. பி. தொம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில் எடுத்துக்காட்டினார். உழவர் வேலையைக் கொண்டு நேரத்தை அளந்தனர். முதலாளித்துவம் நேரத்தைக் கொண்டு வேலையை அளந்தது. அவ்வாறு அளக்கப்பட்ட நாளிலே அடைபட்ட அலுவலக ஊழியர் ஒருவர், இன்று ஆண்டின் மிக நீண்ட இரவு என்றறிந்து ஒரு விளக்கை ஏற்றும்போது, முதலாளியின் நாட்காட்டியில் இல்லாத ஒரு நாளைத் தமக்கென எடுத்துக்கொள்கிறார். முழுநிலவைப் பார்ப்பதற்காக யன்னலைத் திறப்பதும் அத்தகையதே. இவை சிறு செயல்கள். ஆயினும் லோறா அந்தப் பூக்கடையில் எடுத்த முடிவுக்கு உறவானவை.

அவ்வளவும் கூறியபின் இந்நூலின் குறைபாட்டையும் கூறவேண்டும். விதைப்பையும் அறுவடையையும் கொண்டாடும் விழாக்களை அது கற்பிக்கிறது. ஆனால் விதைப்பவனும் அறுப்பவனும் அங்கில்லை. அறுவடை விழாவுக்குரிய அப்பத்தை வழிபடுபவர் கடையிலே வாங்குகிறார். அக்கோதுமையை விளைவித்த கூலியாளைப் பற்றி மந்திரத்தில் ஒரு சொல்லும் இல்லை. உழைப்பை நீக்கி எஞ்சிய பருவமே அவர் வணங்கும் இயற்கை.

குறைபாட்டின் ஆணிவேர் அந்நெறியின் ஒழுக்க விதியிலே உள்ளது. பிறருக்குத் தீங்கு செய்யாத எதனையும் செய்யலாம் என்பது விக்காவின் தலையாய விதி. இது கேட்பதற்கு இனியது. ஆனால் நாம் வாழும் பொருளாதாரத்திலே தீங்கு கண்முன் நிகழ்வதில்லை. அது விலைச்சீட்டின் பின்னே, கடல்கடந்து நிகழ்கிறது. நான் எவருக்கும் தீங்கு செய்யவில்லை என்று மெழுகுவர்த்தியின் முன்னமர்ந்து ஒருவர் மனச்சாட்சியோடு கூறலாம். அம்மெழுகைச் செய்தவர் யார், அவருக்குக் கிடைத்த கூலி எவ்வளவு என்பதை அவரது மனச்சாட்சி அறியாது. தீங்கு செய்யாதே என்னும் விதியைத் தனியொருவராக நின்று கைக்கொள்ளவே முடியாது என்பதுதான் உண்மை. அதனைக் கைக்கொள்ளுதற்குத் தொழிற்சங்கம் வேண்டும், சட்டம் வேண்டும், மற்ற மனிதரோடு சேர்ந்து கேள்வி கேட்கும் துணிவு வேண்டும். தனிவழி அவ்விதியைக் கற்பித்துவிட்டு, அதனை நிறைவேற்றும் வழியை அடைத்துவிடுகிறது.

*

அடைபட்ட அவ்வழியிலே சந்தை புகுந்தது. குழுவுக்குள் ஒருவர் மற்றொருவரிடம் கற்றதைத் தனித்தவர் விலைக்கு வாங்கவேண்டியவராயினர். நூல், சீட்டுக்கட்டு, தூபம், பளிங்குக்கல் என ஒவ்வொன்றும் பண்டமாயிற்று. 2018இல் அமெரிக்க வாசனைப் பொருள் நிறுவனமொன்று, சூனியம் பயிலத் தொடங்குவோருக்கான பெட்டி ஒன்றை 42 டொலர் விலைக்கு விற்பதாக அறிவித்தது. வாசனைத் தைலம், சீட்டுக்கட்டு, செவ்விந்தியர் புனிதமாகக் கொள்ளும் வெண்சேஜ் இலைக்கட்டு, இளஞ்சிவப்புப் பளிங்கு ஆகியன அதில் அடங்கும். பேகன்களும் பழங்குடி மக்களும் எதிர்ப்புத் தெரிவிக்கவே நிறுவனம் அதனை விலக்கிக்கொண்டது. இங்கும் தடுத்தது தனிமனித மந்திரமன்று, பலரது குரலே.

அந்த இளஞ்சிவப்புப் பளிங்கு பெருமளவில் மடகாஸ்கரிலிருந்து வருகிறது. உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்றாகிய அங்கே, பெரும்பாலும் கைக்கருவிகளைக் கொண்டே கூலியாட்கள் குழிகளிலிருந்து அதனைத் தோண்டியெடுக்கின்றனர். மன அமைதிக்காகத் தலையணையருகே வைக்கப்படும் கல்லின் பயணம் அங்கிருந்து தொடங்குகிறது. மண்ணை அன்னையென்று வணங்குவோர் அம்மண்ணைத் தோண்டும் கையைக் காணாதிருப்பது அவர்களுடைய மனக்கொடுமையன்று. தனிவழியின் அமைப்பே அவர்களை அவ்வாறு காணாதிருக்கச் செய்கிறது.

*

பேகன் நெறி முழுவதும் இவ்வாறானதே என்று முடிவு கட்டுவது தவறு. அந்நெறிக்குள்ளேயே இதற்கு மறுப்பும் எழுந்தது. 1968ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி, நியூயோர்க் நகரப் பெண்விடுதலையாளர் சிலர் சூனியக்காரிகளின் வேடம் பூண்டு, வோல் வீதிப் பணச்சந்தையின் முன் நின்று அதற்குச் சாபமிட்டனர். அது நம்பிக்கையன்று, வீதி நாடகமே. ஆயினும் சூனியக்காரி என்னும் உருவகத்தைச் சரியான வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

1979இல் 'சுருள் நடனம்' என்று பொருள்படும் நூலை வெளியிட்ட ஸ்டார்ஹோக் என்பார் இப்போக்கினை வளர்த்தவர். பிறர்மேற் செலுத்தும் அதிகாரம், உள்ளிருந்து எழும் ஆற்றல், பிறரோடு சேர்ந்து பெறும் ஆற்றல் என்று அவர் பிற்கால எழுத்துகளிற் செய்த பாகுபாடு அரசியலுக்கும் பயனுடையது. 1981இல் கலிபோர்னியாவின் டியாப்லோ கனியன் அணுமின் நிலையத்தை மறித்த மக்களோடு சேர்ந்து நின்று அவரும் கைதானார். தெய்வம் பூமியாயின் பூமியை நஞ்சாக்குவோரை எதிர்ப்பதே வழிபாடு என்பது அவரது நிலை. அவருடைய வரலாற்றுக் கூற்றுகளிற் பிழைகள் உண்டு. கார்ட்னரின் தொன்மைக் கதையை அவர் முதலில் அப்படியே ஏற்றார். ஆனால் பிழையான வரலாற்றை வைத்துக்கொண்டும் அவர் சரியான வேலிக்கு முன்னால் போய் நின்றார்.

கூட்டம் என்பதனாலேயே எல்லாம் நன்றாகிவிடும் என்பதும் நம் வாதமன்று. பழைய ஜேர்மானியத் தெய்வங்களை இரத்தத்தோடும் மண்ணோடும் பிணைத்து ஹிம்லரின் கூட்டத்தார் செய்தது உலகறிந்தது. இன்றும் வட ஐரோப்பியத் தெய்வங்களின் சின்னங்களை வெள்ளை இனவெறியர் அணிந்து திரிகின்றனர். பேகன்கள் பலர் அவர்களைப் பகிரங்கமாக மறுத்தும் வருகின்றனர். யார் யாரோடு சேர்கிறார், யாருக்கு எதிராகச் சேர்கிறார் என்பதே கேள்வி.

தனிவழியினரின் தனியுரிமைகூடத் தனியே கிடைத்ததன்று. படைவீரர் கல்லறைகளிற் பொறிக்க அனுமதிக்கப்பட்ட சமயச் சின்னங்களுள் விக்காவின் ஐங்கோண விண்மீனைச் சேர்க்க அமெரிக்க அரசாங்கம் பல்லாண்டுகள் மறுத்துவந்தது. ஆப்கானிஸ்தானில் 2005இற் கொல்லப்பட்ட வீரர் ஒருவரின் மனைவியும் மற்றோரும் வழக்காடிய பின்னரே 2007இல் அது அனுமதிக்கப்பட்டது. ஏகாதிபத்தியப் போரொன்றில் மாண்டவனின் கல்லிலே, எவருக்கும் தீங்கு செய்யாதே என்று கூறும் நெறியின் சின்னம் பொறிக்கப்பட்டது. அந்த மனைவியின் துயரமும் உரிமையும் மெய்யானவை. அச்சின்னம் அப்போரைத் தடுக்கவில்லை என்பதும் மெய்.

*

இனி, கார்ட்னர் தமது இளமையைக் கழித்த மலைநாட்டுக்கு ஒருமுறை திரும்புவோம். அதே மலைகளிலே, இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் தமக்கெனத் தெய்வங்களைப் படைத்தனர். கவ்வாத்து வெட்டும் மலையிலே கவ்வாத்துச்சாமி. தொழிற்சாலையின் பெருஞ்சக்கரத்துக்கு ரோதைமுனி. மரத்தடியில் நட்ட கல்லும் சூலமும், பொட்டும் பூவும், கத்தி கைதவறாதிருக்க வேண்டுமென்ற வேண்டுதலும்: இவையே அவ்வழிபாடு. கார்ட்னர் இங்கிலாந்தின் காடுகளிலே தேடிய நாட்டுப்புறத்தார் சமயத்துக்கு வேண்டிய இலக்கணம் யாவும் இதற்கு உண்டு. இதனிடம் உள்ள ஒன்று அவருடைய நெறியில் இல்லை. இத்தெய்வங்கள் வேலையின் பெயரைத் தாங்குகின்றன. உழைப்பை மறைத்துவிட்டு இங்கு ஒரு பொங்கலும் வைக்க முடியாது.

இதைக் கூறுவது பெருமிதம் கொள்வதற்கன்று. ரோதைமுனி ஒரு சதமேனும் கூலியை உயர்த்தியதில்லை. 1948இற் பறிக்கப்பட்ட குடியுரிமையைக் கவ்வாத்துச்சாமி மீட்டுத்தரவில்லை. உயர்ந்த கூலியெல்லாம் வேலைநிறுத்தத்தால் உயர்ந்தது. கிடைத்த உரிமையெல்லாம் போராட்டத்தாற் கிடைத்தது. ஆயினும், ஒரு வழிபாடு தன் அடியார்கள் எதனால் வாழ்கிறார்கள் என்பதைக் கண்முன் நிறுத்துகிறதா, மறைக்கிறதா என்ற உரைகல்லைத் தருவது இம்மலைத் தெய்வங்களே. அவ்வுரைகல்லில் உரைத்தால், தட்டின் மேல் வைத்த ஆலயம் மாற்றுக் குறைந்ததாகவே தெரிகிறது.

நம் பக்கத்துக் குறையையும் ஒப்புக்கொள்வோம். ஊர்வலத்தையும் கூட்டத்தையும் நன்கு நடத்தத் தெரிந்த நாம், கூட்டம் கலைந்து வீடு திரும்பும் மனிதருக்கு அந்த இரவுக்காக ஏதும் கொடுத்தனுப்பியதில்லை. லோறாக்கள் நம் வீடுகளிலும் உண்டு. தம்பிமாரின் பிள்ளைகளை வளர்த்து, சொந்தப் பெயர் மறந்து, 'மாமி' என்று மட்டுமே அழைக்கப்பட்டு முடிந்துபோகும் பெண்களை நாமெல்லாம் அறிவோம். அவர்களுடைய நாள் யாருக்குச் சொந்தம் என்று நம் மேடைகள் அடிக்கடி கேட்டதில்லை. நாம் கேளாத அக்கேள்வியை எங்கோ ஒரு சிறிய அறையில், மெழுகுவர்த்தியின் முன்னமர்ந்து, ஒருத்தி தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறாள். அவளது விடை பிழையாயிருக்கலாம். கேள்வி சரியானது. அவளை நோக்கி நகைப்பதைவிட, அக்கேள்வியோடு கதவைத் திறந்துகொண்டு அவள் வெளியே வருவதற்கு ஒரு காரணத்தை உண்டாக்குவதே நம் கடன்.